தீயோர் அணியும் நீதியின் தராசும்

நல்லோர் ஒருபுறம், தீயோர் மறுபுறம் என்று கோடு கிழித்துக் காட்டும் கதைகளிலேயே நம் தமிழகம் நெடுங்காலம் திளைத்து வந்தது. திரையில் எம்.என். நம்பியார் தோன்றிய மாத்திரத்தில், கொட்டகையில் மணல் குவித்து அமர்ந்திருந்த சிறுபிள்ளையும் இவர் தீயவர் என்று அறிந்துகொண்டது. அவர் ஏன் தீயவரானார் என்று எவரும் வினவவில்லை; வினவ வேண்டிய தேவையும் எழவில்லை.

அந்நாள் மலையேறிவிட்டது. கதை சொல்லும் கருவியும் மாறிவிட்டது. கதை கேட்பவனின் இருக்கையும் மாறிவிட்டது. கணினி விளையாட்டில் பிள்ளை பார்வையாளன் அல்லன், படைத்தலைவன். நல்லோர் அணியை விடுத்துத் தீயோர் அணிக்குத் தலைமை ஏற்கவும் அவனுக்கு உரிமை உண்டு. வடுகபட்டியிலும் பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் வாழும் நம் இல்லங்களில் இவ்விளையாட்டுகள் நுழையாத வீடு அரிதாகிவிட்டது. இவை குறித்து நம்மவரிடையே இரண்டே கருத்துகள் உலவுகின்றன. ‘ஷைத்தானின் வேலை’ என்று பறித்துப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் அத்தா ஒருவர். ‘விளையாட்டுத்தானே, விட்டுவிடுங்கள்’ என்று நகர்ந்துவிடும் அத்தா மற்றொருவர். இருவரோடும் நாம் முரண்படுகிறோம். முன்னவர் பாராமலே தீர்ப்புச் சொல்கிறார்; பின்னவர் பார்த்தும் தீர்ப்புச் சொல்ல மறுக்கிறார். தீயோர் அணியின் கதையில் நம் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம் ஒன்றும், கற்கக் கூடாத பாடம் ஒன்றும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெற்றோரின் கடமையென்றே வாதிடுகிறோம்.

எடுத்துக்காட்டாக, உலகெங்கும் பெயர்பெற்ற ஓர் அறிவியல் புனைவு விளையாட்டு வரிசையைக் காண்போம். ‘கமாண்ட் அண்ட் கான்கர்’ என்பது அதன் பெயர். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இயங்கிய வெஸ்ட்வுட் நிறுவனம் 1995-இல் இதை வெளியிட்டது. அதன் பழைய பாகங்கள் 2020-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வந்தன. கதை இதுதான்: இத்தாலியின் டைபர் ஆற்றங்கரையில் விண்கல் ஒன்று விழுகிறது. அதிலிருந்து பரவும் ‘டைபீரியம்’ என்னும் படிகம் மண்ணின் கனிமங்களையெல்லாம் உறிஞ்சித் தன்னுள் சேர்க்கிறது. அதனால் அது பெருஞ்செல்வம். உயிர்களைக் கொல்வதால் பெருநஞ்சும் அதுவே. அதைக் கைப்பற்ற இரண்டு அணிகள் பொருதுகின்றன. ஒன்று, ஐக்கிய நாடுகள் அவையின் நிழலில் வல்லரசுகள் அமைத்த ‘உலகப் பாதுகாப்பு முனைவு’. மற்றொன்று, கேன் என்பவன் தலைமையிலான ‘நாட் சகோதரத்துவம்’. முன்னது நல்லோர் அணி. பின்னது தீயோர் அணி.

ஆயினும் அந்தத் தீயோர் அணியின் வாயில் ஆசிரியர்கள் வைத்த சொற்கள் வெறும் பிதற்றல்கள் அல்ல. வல்லரசுகளின் காலடியில் நசுங்கும் ஏழை நாடுகளின் குரலாகவே கேன் தன்னைக் காட்டிக்கொள்கிறான். 2007-இல் வந்த மூன்றாம் பாகத்தில் இது மேலும் கூர்மை பெறுகிறது. அதில் உலகமே மூன்று நிற மண்டலங்களாகப் பிரிந்து கிடக்கிறது. நஞ்சு முற்றி மனிதர் வாழ இயலாதது சிவப்பு மண்டலம். தூய காற்றும் செல்வமும் பாதுகாப்பும் நிறைந்தது நீல மண்டலம். நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கே அது. இடைப்பட்ட மஞ்சள் மண்டலத்தில்தான் மனித குலத்தின் பெரும்பகுதி இடிபாடுகளுக்கிடையே உயிர் வாழ்கிறது. நீல மண்டலத்தார் தம் எல்லையைக் காத்துக்கொண்டு அவர்களை மறந்துவிட்டனர். மறக்கப்பட்டவர்களைத் தேடிச் சென்று தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது ‘நாட்’ அணி.

இதைப் பார்க்கும் பிள்ளைக்கு ஐயம் எழத்தானே செய்யும்? யார் நல்லவர்? உண்ண உணவும் குடிக்க நீரும் இருந்தும் கதவை அடைத்துக்கொண்டவரா? அடைத்த கதவின் முன் நின்றவனைக் கைதூக்கி விட்டவரா? இந்த ஐயத்தையே அறமயக்கம் என்கிறோம். இம்மயக்கம் தீது என்று நாம் கூறோம். மாறாக, நீதியின் முதற்படியே இதுதான் என்போம்.

ஏன் அவ்வாறு கூறுகிறோம்? நாம் வாழும் மண்ணே அதற்குச் சான்று. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. மதுரைச் சீமையின் வயல்களுக்கும் தாகத்துக்கும் அது நீர் தந்தது. அதே அணைக்காகச் சிற்றூர்கள் பல நீரில் மூழ்கின. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டு மக்கள் வெளியேறினர். அவ்வாறு வெளியேறி வடுகபட்டிக்கு வந்த குடும்பமொன்றின் பிள்ளையே பின்னாளில் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ எழுதிய கவிஞர் வைரமுத்து. அணை கட்டியது குற்றமென்று எவரும் சொல்லார். ஆனால், நீர் பெற்றவனின் நன்றியை மட்டும் எழுதி, நிலம் இழந்தவனின் கண்ணீரை எழுதாமல் விட்டால் அந்த வரலாறு பொய்யாகும்.

இதனினும் கொடிய சான்று ஒன்றும் உண்டு. ஆங்கிலேயர் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினர். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தது. உசிலம்பட்டி முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது அச்சட்டம் பாய்ந்தது. ‘ரேகைச் சட்டம்’ என்று மக்கள் அதை அழைத்தனர். குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற வேறுபாடின்றி ஆண்மக்கள் ரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் சென்று படுத்துறங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் ரேகை பதிய மறுத்து எழுந்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. மாயக்காள் என்ற வீரப்பெண் உள்ளிட்ட பதினைந்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அம்மக்களுக்காக நீதிமன்றப் படியேறிய கிறிஸ்தவ வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றளவும் அவர்கள் நன்றியோடு நினைக்கின்றனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

அரசாங்கம் எழுதிய கதையில் அம்மக்கள்தாம் தீயோர் அணி. அக்கதையை அப்படியே நம்பியவன் அறிவாளியா? அன்று ஒரு சமூகத்தின் நெற்றியில் எழுதப்பட்ட எழுத்து, நாளை எந்தச் சமூகத்தின் நெற்றியிலும் எழுதப்படலாம் என்பதை நம் சமுதாயத்துக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, ‘தீயவன்’ என்று சுட்டப்பட்டவனின் முறையீட்டைச் செவிமடுத்துக் கேட்கும் பழக்கத்தை ஒரு விளையாட்டு நம் பிள்ளைக்கு ஊட்டுமாயின் அதை வரவேற்போம்.

இதுவரை கற்க வேண்டிய பாடம். இனிக் கற்கக் கூடாத பாடத்துக்கு வருவோம்.

‘நாட்’ அணிக்குத் தலைமை ஏற்கும் பிள்ளைக்கு அவ்விளையாட்டு முதன்முதலாக இடும் பணி என்ன தெரியுமா? வல்லரசின் கோட்டையைத் தகர்ப்பதன்று. ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றின் தலைவனைக் கொல்வது! நிகூம்பா என்பது அவன் பெயர். ஏழை நாடுகளின் விடுதலைக்கு வாளேந்தியதாகச் சொல்லும் அணி, முதலில் வெட்டுவது ஏழை நாட்டு ஏழையின் கழுத்தையே. பிறகு போலந்தின் பியாலிஸ்டாக் நகரில் எதிரணி அப்பாவிகளைக் கொன்றதாகப் பொய்ப் படம் புனைந்து உலகை ஏமாற்றுகிறது. இறுதியில், எதிரியின் விண்வெளி ஆயுதத்தைக் கவர்ந்து, வெள்ளை மாளிகை, ஈபெல் கோபுரம் முதலிய இடங்களில் எதை எரிப்பது என்று ஆட்டக்காரனையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

இவ்வளவும் கண்ட பின்னரும் கேனைப் போற்றும் இளைஞர் உளர். ‘அவன் வல்லரசை எதிர்த்தான், அடக்கப்பட்டோருக்காகப் பேசினான், போரில் நாலு பேர் சாவது இயல்புதானே’ என்பது அவர்தம் வாதம். இங்கேதான் நாம் அவர்களோடு மோதுகிறோம். முறையீடு உண்மை என்பதாலேயே குற்றம் பொய்யாகிவிடுமா? ஒரு பக்கத்து வரவைக் காட்டி மறுபக்கத்துக் கடனை அடித்துவிட முடியுமா?

வடுகபட்டிப் பூண்டுச் சந்தையை அறியாதார் இப்பகுதியில் இலர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்கி வந்து விலைபோகும் இடம் அது. அங்கே நற்பூண்டையும் சொத்தைப் பூண்டையும் ஒரே சாக்கில் கலந்து நிறுப்பவனை வணிகன் என்று எவரும் மதிப்பதில்லை. நல்லது மேலே கிடப்பதால் அடியில் கிடக்கும் சொத்தை நல்லதாகிவிடாது. அடியில் சொத்தை கண்டதற்காக மேலிருக்கும் நல்லதைச் சாக்கடையில் கொட்டுவதும் மடமை. பிரித்து வை, தனித்தனியே நிறு. இதுவே சந்தையின் அறம்.

திருமறையின் 83-ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரைக் கடிந்துரைக்கிறது. தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறர்க்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடுதான் என்பது அதன் கருத்து. இது தானியத்துக்கும் எண்ணெய்க்கும் மட்டும் உரிய எச்சரிக்கையா? தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை மரக்கால் நிரம்பி வழிய அளந்து வாங்கிக்கொண்டு, தாம் இழைத்த அநீதியை உழக்குக்கும் குறைவாக அளந்து காட்டுவோரும் அம்மோசக்காரரே அல்லரோ? கேனின் தராசு அத்தகையது. அவனுடைய பெயரும் வாய்ப்பாகவே அமைந்திருக்கிறது. விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனை ஆங்கிலத்தில் கேன் என்றே ஒலிப்பர். கொலைக்குப் பின் அவன் சென்று தங்கிய நிலத்தின் பெயர் நோத். அதுவே ஆங்கிலத்தில் ‘நாட்’. நாம் காபில் என்று அறிந்திருப்பவனும் அவனே. உடன்பிறந்தானைக் கொன்றவனின் பெயரைத் தாங்கியவன் தலைமையில் ஒரு ‘சகோதரத்துவம்’! ஹாபில், காபில் வரலாற்றை ஐந்தாம் அத்தியாயத்தில் கூறிய திருமறை, அதை அடுத்தே, நியாயமின்றி ஓர் உயிரைக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவனுக்கு ஒப்பாவான் என்ற பொருளை நிலைநாட்டுகிறது. எந்த அணியின் உயிர் என்று அது வகைபிரிக்கவில்லை.

கேனைப் போற்றுவோரை மட்டும் சாடிவிட்டு, அவனைப் படைத்தோரை விட்டுவிட்டால் நம் தராசும் கோணலாகிவிடும். தீயோர் அணியின் தலைமைக் கோயிலை அவர்கள் வரைபடத்தில் எங்கே வைத்தனர்? போஸ்னியாவின் சரயேவோ நகரில்! அவ்விளையாட்டு வெளிவந்த 1995-ஆம் ஆண்டில் மெய்யான சரயேவோ எந்நிலையில் இருந்தது? 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை அந்நகர் முற்றுகையில் சிக்கிக் கிடந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். 2012-இல் அவர்கள் நினைவாக 11,541 சிவப்பு நாற்காலிகளைத் தெருவில் வரிசையாக இட்டு அந்நகர் அழுதது. 1995 ஜூலையில் சிரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் படுகொலையுண்டனர். மெய்யுலகில் கொல்லப்பட்டோரின் ஊர், பொய்யுலகில் கொலைகாரர்களின் கோயிலாயிற்று. காரணம் எதுவாயினும், காயத்தின்மேல் ஆணியடித்தது ஆணியடித்ததுதான்.

2007-ஆம் ஆண்டுப் பாகத்திலும் அதே சரயேவோதான். அங்கிருக்கும் கோயில்மீது, களத் தளபதியின் எதிர்ப்பையும் மீறி, நல்லோர் அணியின் அரசியல் தலைமை விண்ணிலிருந்து தீக்கணை ஏவச் செய்கிறது. சுற்றியிருந்த மஞ்சள் மண்டலத்தில் கோடிக்கணக்கானோர் மாய்கின்றனர். அத்தாக்குதலைத் தூண்டிவிட்டவனும் கேனே. தன் மக்கள் அழிவர் என்று அறிந்தே தூண்டினான். ஏவியவனும் குற்றவாளி, ஏவத் தூண்டியவனும் குற்றவாளி. இதனை விளையாட்டே ஒப்புக்கொள்கிறது, பாராட்டுவோம். ஆனால், மாண்ட கோடிப் பேருள் ஒருவருக்கேனும் பெயர் உண்டா? முகம் உண்டா? இல்லை. வல்லரசுக்கு முகம் உண்டு; தீயோர் தலைவனுக்கு முகம் உண்டு; எவர் பெயரால் இருவரும் பேசுகின்றனரோ அந்த மஞ்சள் மண்டலத்து மக்களுக்கு மட்டும் எண்ணிக்கைதான் உண்டு. இதையே அரைகுறை அறமயக்கம் என்று நாம் குற்றம் சாட்டுகிறோம். தீயவனுக்கு ஒரு முறையீட்டைக் கொடுத்துவிட்டால் போதும், நீதி செய்தாயிற்று என்று படைப்பாளிகள் எண்ணிவிடுகின்றனர்.

இதே பெயர் தாங்கிய வேறொரு கிளையில் இருந்த திரையும் விலகியது. 2003 பிப்ரவரியில், ஈராக்கின்மீது படையெடுப்பதற்கு ஒரு மாதம் முன்னர், ‘ஜெனரல்ஸ்’ என்ற பாகம் வெளிவந்தது. அமெரிக்க அணியின் முதற்களமே பாக்தாத். தீயோர் அணிக்கு ‘உலக விடுதலைப் படை’ என்று பெயரிட்டு, அரபு நாட்டு உடையும் உச்சரிப்பும் பூட்டினர். அவ்வணியின் ஏழைத் தொழிலாளி காலணி வேண்டுமென்று இறைஞ்சுவது அங்கே நகைச்சுவை! வெறுங்காலோடு நிற்கும் ஏழையைக் கண்டு சிரிக்கக் கற்றுக்கொடுப்பது எந்த நாட்டுப் பண்பாடு?

‘விஸ்வரூபம்’ திரைப்படத்துக்காக 2013-இல் நம் சமுதாய அமைப்புகள் குரல் எழுப்பின. சில காட்சிகளில் ஒலி நீக்கப்பட்டு, அந்த ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் அப்படம் தமிழகத் திரைகளுக்கு வந்தது. அப்போராட்டத்தின் சரி தவறுகளை ஆராய்வது இங்கு நோக்கமன்று. இரண்டரை மணி நேரப் படத்துக்குக் கொடுத்த கவனத்தில் நூறில் ஒரு பங்கையேனும், பிள்ளைகள் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் இவ்விளையாட்டுகளுக்குக் கொடுத்தோமா என்பதே நம் வினா. தடை கோரச் சொல்லவில்லை. பார்க்கச் சொல்கிறோம், பேசச் சொல்கிறோம்.

பேசுவதற்கு நம் வரலாற்றிலேயே எத்துணைச் செல்வம் குவிந்து கிடக்கிறது! ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை எதிர்த்துப் பிரிந்த காரிஜியரை எண்ணிப் பாருங்கள். தீர்ப்பு இறைவனுக்கே உரியது என்பது அவர்தம் முழக்கம். அச்சொல் மெய், ஆனால் அதைக்கொண்டு அவர்கள் நாடுவது பொய் என்று அலீ அவர்கள் இரண்டையும் பிரித்தே எடைபோட்டார்கள். பிறர் மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தை விலை கொடாமல் உண்ணலாகாது என்று துப்பிய அக்கூட்டத்தார், நபித்தோழர் ஒருவரின் மகனையும் கருவுற்றிருந்த அவர் மனைவியையும் கொன்றனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். மரக்காலும் உழக்கும் அன்றே இருந்தன! 658-இல் நஹ்ரவானில் போர் மூண்டது. ஆயினும் அவர்கள் வாளெடுக்கும் வரை பள்ளிவாசலுக்கு வரும் உரிமையை அலீ அவர்கள் தடுத்தார்களில்லை. 661-இல் அக்கூட்டத்தான் ஒருவனால் வெட்டுண்டு கிடந்தபோதும், கொலையாளிக்கு உணவளிக்கவும், அவன் ஒருவனைத் தவிர வேறெவரையும் பழிவாங்காதிருக்கவும் பணித்தார்கள். கொள்கையைக் கேட்டார்கள், கொடுமையைத் தடுத்தார்கள், கூட்டத்தையே குற்றவாளியாக்க மறுத்தார்கள். இதற்கு ஈடான காட்சியை எந்த அறிவியல் புனைவில் காட்ட முடியும்?

மதீனாவில் நடந்த வேறொன்றும் உண்டு. முஸ்லிம் குடும்பத்தான் ஒருவன் கவசம் திருடி, பழியை யூதர் ஒருவர் தலையில் போட்டான். உறவினர் அவனுக்காகத் திரண்டு வாதாடினர். நான்காம் அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதலானவை அந்த யூதர் குற்றமற்றவர் என நிறுவ இறங்கியவை என்று தஃப்சீர்கள் கூறுகின்றன. நம்மவன் என்பதற்காக இறைவனின் தராசு சாயவில்லை.

சகோதரத்துவம் என்ற சொல்லுக்கு நம் பொருள் இதுவே. அநீதி இழைத்தவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியபோது, அநீதி இழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது எனத் தோழர்கள் வினவினர். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது அண்ணலாரின் விடை. கேனின் கையைப் பிடித்துத் தடுக்க அவனுடைய சகோதரத்துவத்தில் ஒருவனும் துணியவில்லையே! தடுக்கும் கை இல்லாத கூட்டத்தைச் சகோதரத்துவம் என்று எவ்வாறு அழைப்பது?

நம் எழுத்தாளருக்கும் ஒரு சொல். தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் தந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் ஊரை ஒடுக்கும் முதலாளி நம்மவரே. அவர் வீழ்ச்சி கண்டு இரங்குகிறோம். ஆனால் அவரால் நசுங்கிய ஏழைகளை மறந்து இரங்கவில்லை, ஏனெனில் அவர்களுக்கும் அக்கதையில் பெயரும் முகமும் வலியும் உண்டு. முழுமையான அறமயக்கம் இதுதான். நாளை நம் பள்ளத்தாக்கின் பிள்ளையொருவன் இத்தகைய விளையாட்டைப் படைக்கக்கூடும். உத்தமபாளையத்தில் 1956-இல் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் கல்லூரி எழுந்த மண்ணில் அது நடவாத காரியமன்று. அவன் படைக்கும் உலகில் மஞ்சள் மண்டலத்தானுக்கு ஒரு பெயர் இருக்கட்டும். நிகூம்பாவுக்கு ஒரு வீடும், அவனுக்காக அழ ஒரு தாயும் இருக்கட்டும்.

அத்தாமார்களே, அன்னையரே! பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் அமருங்கள். கருவியைப் பறிக்குமுன் மூன்று வினாக்கள் கேளுங்கள். இவர்களின் முறையீடு என்ன? இவர்கள் செய்த குற்றம் என்ன? இரண்டுக்கும் இடையில் செத்தவர் யார்? மூன்றாவது வினாவுக்கு அவன் விடை தேடத் தொடங்கிவிட்டானாயின், எந்தத் தீயோர் அணியும் அவனைத் தன் படையில் சேர்த்துவிட இயலாது. எந்த நல்லோர் அணியும் அவனை ஏய்த்துவிடவும் இயலாது. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை உங்களை நீதியினின்று வழுவச் செய்ய வேண்டாம் என்பது ஐந்தாம் அத்தியாயத்தின் எட்டாம் வசனம் உணர்த்தும் கட்டளை. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பற்றும் அவ்வாறு வழுவச் செய்யலாகாது என்பதை நான்காம் அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் உணர்த்துகிறது. இவ்விரண்டு தட்டுகளும் சமமாக நிற்கும் தராசை நம் பிள்ளைகளின் கையில் கொடுப்போம். வல்ல நாயன் அதற்கு அருள் புரிவானாக!